அன்இன்ஸ்டால் செய்த பிறகும் மிச்சமிருப்பவை

மெதுவாகிவிட்டது என்று யாராவது ஒரு கணினியைக் கொடுத்தால், நான் முதலில் திறப்பது அதில் நிறுவியிருக்கும் செயலிகளின் பட்டியலைத்தான். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியல் பெயர் வரிசையில் இருந்தால் அதை நிறுவிய தேதி வரிசைக்கு மாற்றுவேன். பெயர் வரிசையில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தவை, தேதி வரிசையில் கூட்டமாக வந்து நிற்கும்.

சித்தப்பாவின் லேப்டாப்பில் இப்படித்தான் தெரிந்தது. பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றித் தரும் இலவசச் செயலி ஒன்று. அதே தேதியில், அதன் மேலும் கீழுமாக, டிரைவர்களை, அதாவது ஒலி, திரை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒன்று, கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் ஒன்று, வானிலை காட்டும் ஒன்று, பெயர் கேள்விப்படாத ஒரு பிரவுசர். "நான் பிடிஎஃப் மாத்துறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான்ப்பா இறக்கினேன், மத்ததெல்லாம் யாரு போட்டாங்கன்னே தெரியலை" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. இலவசச் செயலியின் நிறுவியிலேயே மற்றவற்றைக் கட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் கணினியில் ஏறும்போது அனுப்பியவருக்குக் காசு. "எக்ஸ்பிரஸ்" அல்லது "ரெகமண்டட்" என்ற பெரிய பொத்தானை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து ஏறும். பக்கத்தில் மங்கலாக இருக்கும் "கஸ்டம்" என்பதைத் திறந்தால்தான் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்கள் கண்ணில் படும்.

தேதியை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நல்ல செயலிகளுக்கும் புதுத் தேதி விழும். வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது யாருக்காக ஓடுகிறது? கணினி வைத்திருப்பவருக்காகவா, இதைச் செய்தவருக்காகவா? திறந்து பல மாதம் ஆகியும், கணினி தொடங்கும்போதெல்லாம் தானாக எழுந்து, மூலையில் உட்கார்ந்து, அவ்வப்போது "பணம் கட்டு" என்று கேட்கும் செயலிக்கு அந்தக் கணினியில் இடமில்லை. அதே சமயம், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் வரிக் கணக்குச் செயலி சும்மா கிடந்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதை நீக்கி எதுவும் வேகமாகிவிடாது.

இது முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடாமல் டிஸ்க்கில் கிடக்கும் செயலி இடத்தை மட்டும்தான் பிடிக்கிறது. கணினியை இழுத்துப் பிடிப்பவை பின்னணியில் ஓடுபவை. அதனால் பட்டியலுக்கு அடுத்து நான் பார்ப்பது டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே ஒவ்வொரு செயலிக்கும் எதிரே, கணினி தொடங்கும்போது அது எவ்வளவு சுமை தருகிறது என்று போட்டிருக்கும். சந்தேகமானதை உடனே நீக்க வேண்டியதில்லை. முதலில் டிஸேபிள் செய்துவிட்டு, சில நாள் அப்படியே பயன்படுத்திப் பார்க்கலாம். எதுவும் குறையவில்லை என்றால் தைரியமாக நீக்கலாம்.

நீக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் செயலிக்குள் நம்முடையது ஏதாவது இருக்கிறதா? குறிப்பு எழுதும் செயலிகள், பழைய மெயில் செயலிகள், கணக்கு எழுதும் மென்பொருள்கள் பல சமயம் தங்கள் தரவை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைப்பதில்லை. ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரிலோ, தங்கள் சொந்த ஃபோல்டரிலோ வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த செயலி என்றால் அதை நீக்கும்போது அதன் உள்ளூர்த் தரவும் கூடவே போய்விடும். ஆகவே திறந்து பாருங்கள், எக்ஸ்போர்ட் என்று இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் உரிமச் சாவியைக் குறித்துக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறி, இந்தக் கணினிக்கான உரிமத்தை விடுவித்துவிட்டு நீக்க வேண்டும். இத்தனை கணினிகளில்தான் பயன்படுத்தலாம் என்று வரம்பு வைத்த மென்பொருளில், இதைச் செய்யாமல் விட்டால் புதுக் கணினியில் போடும்போது மறுத்துவிடும்.

தொடக்கூடாதவையும் பட்டியலில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்டிரிபியூட்டபிள் என்ற பெயரில் 2008, 2010, 2012, 2013 என்று ஆண்டு ஆண்டாக வரிசை கட்டி நிற்கும். அதிலும் ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக, 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. பார்க்கிறவருக்கு ஒரே பொருள் பல முறை ஏறிவிட்டதுபோலத் தோன்றும். ஒவ்வொரு பதிப்பையும் நம்பி வேறு வேறு செயலிகள் ஓடுகின்றன. ஒன்றை எடுத்தால், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு செயலி "டிஎல்எல் கோப்பு கிடைக்கவில்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். டாட்நெட், வெப்வியூ2 ரன்டைம் என்பவையும் அப்படியே. ரியல்டெக், இன்டெல், சினாப்டிக்ஸ் என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் ஒலி, திரை, டச்பேட் சார்ந்தவை. நண்பர் ஒருவர், பெயர் புரியாததையெல்லாம் நீக்கிவிட்டு, டச்பேடில் இரண்டு விரலால் உருட்டுவது நின்றுபோனது ஏன் என்று கேட்டு வந்தார். பெயர் புரியவில்லை என்றால் அந்தப் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, இனி நீக்குவது. முதலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு ஐகான்களைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்தால் வலது கிளிக் செய்து வெளியேறச் செய்யுங்கள். ஓடுகிற செயலியை நீக்க முயன்றால் சில கோப்புகள் பூட்டப்பட்டு நின்றுவிடலாம். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானை டெலிட் செய்வதால் செயலி போகாது. அது வெறும் ஷார்ட்கட். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் ஃபோல்டரையே அழித்துவிடுவது அதைவிட மோசம். நீக்கும் நிரலும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும், பட்டியலில் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நீக்கும் நிரல் திறந்ததும் அவசரப்படாமல் ஒவ்வொரு திரையையும் படிக்க வேண்டும். ஒரு 'வேகப்படுத்தும்' செயலியை நீக்கும்போது வந்த திரையை இங்கே விவரிக்கிறேன். நடுவில் பெரிய பச்சைப் பொத்தான், அதில் "என் கணினியைத் தொடர்ந்து பாதுகாக்கவும்" என்ற பொருளில் ஆங்கில வாசகம். அதற்குக் கீழே, பொத்தானே இல்லாமல், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: நீக்கத்தைத் தொடர்க. அதை அழுத்தினால் அடுத்த திரையில் பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு சலுகை. அதையும் தாண்டினால் "நீக்குவதை ரத்து செய்யவா?" என்று ஒரு கேள்வி, இதற்கு ஆம் என்றால் செயலி தங்கிவிடும், இல்லை என்றால்தான் போகும். கடைசித் திரையில், நம் அமைப்புகளை வைத்திருக்கவா என்ற கட்டத்தில் டிக் போட்டே வைத்திருந்தார்கள். கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவர் இதைக் கடந்து வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்படி வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீக்குங்கள். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால், அடுத்ததுக்குப் போகும் முன் செய்துவிடுங்கள். வலது கிளிக் மெனுவில் தன்னைச் சேர்த்துக்கொண்ட செயலிகளின் கோப்புகளை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரே பிடித்து வைத்திருக்கும். ரீஸ்டார்ட் ஆனால் அந்தப் பிடி விடும். பத்து செயலிகளை வரிசையாக நீக்கிவிட்டு, கடைசியில் ஒலி வரவில்லை என்றால் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொடங்கும் முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது பிறகு விண்டோஸின் அமைப்பைத் திருப்பிக் கொண்டுவர உதவும் புள்ளி, உருவாக்கி வைத்துக்கொள்வது நல்லது. பல கணினிகளில் அந்த வசதி அணைத்தே இருக்கும், சிஸ்டம் புரொடெக்‌ஷனில் போய் இயக்க வேண்டியிருக்கும்.

ஆன்டிவைரஸுக்குத் தனிக் கவனம் வேண்டும். புதுக் கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி, தினமும் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருக்கும். நீக்கினால் பாதுகாப்பு போய்விடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவைக்கிறார்கள். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது, விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்கிறது. மற்றதை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் தானாக வேலையில் இறங்கிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஒருமுறை உறுதி செய்துகொண்டால் போதும். ஆன்டிவைரஸ்கள் விண்டோஸின் ஆழம்வரை டிரைவர்களை இறக்கி வைப்பவை என்பதால் சாதாரண அன்இன்ஸ்டால் சில சமயம் பாதியில் நின்றுவிடும். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் இதற்கென்றே தனி நீக்கக் கருவி தருகின்றன. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

கணினியோடு வருபவை என்பதற்காக எதையும் நம்பிவிட முடியாது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் சூப்பர்ஃபிஷ். 2014-ன் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில லேப்டாப் மாடல்களில் இந்த விளம்பரச் செயலி முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைப்பதற்காக அது தன் சொந்த ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளம் அசல் என்று கணினி நம்புவதற்கு அடிப்படையான சான்றிதழை, விண்டோஸுக்குள் வைத்திருந்தது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி. அது வெளியே தெரிந்துவிட்டதும், போலி வங்கித் தளத்தைக்கூட அசல்போலக் காட்ட முடியும் என்ற நிலை. இதில் நாம் நினைவில் வைக்க வேண்டியது என்னவென்றால், சூப்பர்ஃபிஷ்ஷை அன்இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியில் அந்தச் சான்றிதழ் அப்படியே தங்கியிருந்தது. அதை எடுக்கத் தனியாக ஒரு கருவி வெளியிட வேண்டியிருந்தது.

அந்த அளவுக்கு ஆபத்தில்லாவிட்டாலும், சாதாரணச் செயலிகளும் மிச்சம் வைத்துவிட்டுத்தான் போகின்றன. சித்தப்பாவின் லேப்டாப்பில் எல்லாம் நீக்கிய பிறகும், உள்ளே நுழைந்ததும் ஒரு கறுப்புச் சன்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட்அப் பகுதியில் எதுவும் இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால் அங்கே இருந்தது. பெயர் என்னவோ 'அப்டேட்' என்று நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அது இயக்கும் கோப்பின் பாதையைப் பார்த்தால், நீக்கப்பட்ட அந்தப் பிடிஎஃப் செயலியின் ஃபோல்டர், ஆப்டேட்டாவுக்குள். முதலில் டிஸேபிள் செய்து, மறுபடி உள்ளே நுழைந்து, கறுப்புச் சன்னல் வரவில்லை என்று உறுதியான பிறகு அந்தப் பதிவை அழித்தேன். இந்த மாதிரி இடங்களையெல்லாம் ஒரே திரையில் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதில் மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்துவிட்டால் மற்றவர்கள் வைத்தது மட்டும் தெரியும். டிக்கை எடுத்தால் நிற்கும், திரும்பப் போட்டால் ஓடும். அழிக்காமல் நிறுத்திப் பார்க்கலாம் என்பதால்தான் எனக்கு அது பிடிக்கும்.

அப்புறம் பிரவுசர். இங்கேதான் மனிதர்கள் உண்மையிலேயே பயந்துபோகிறார்கள். அத்தையின் கணினியில் திரையின் வலது மூலையில் சிவப்பு நிறத்தில் "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே சரிசெய்யவும்" என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. "பேங்க் வேலை எதுவும் அதுல செய்யறதையே விட்டுட்டேன்டா" என்றார். வைரஸ் எதுவும் இல்லை. ஏதோ ஒரு பக்கத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ என்பதை அழுத்தவும்" என்று கேட்டிருக்கிறார்கள், அழுத்தியிருக்கிறார். அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி பெற்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தால் பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் சிறிதாக இருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தை நீக்கியதும் நின்றுபோனது. தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துவிட்டேன். இதற்கு எந்த அன்இன்ஸ்டாலும் உதவியிருக்காது, ஏனென்றால் அங்கே செயலியே இல்லை.

பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும், எந்தத் தேடுபொறி வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். திறந்ததும் வேறு ஏதோ பக்கம் வந்து, செட்டிங்ஸில் எல்லாம் சரியாக இருந்தால், பிரவுசரின் ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து புராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியின் கடைசியைப் பாருங்கள். அங்கே ஓர் இணைய முகவரியை ஒட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக் கணினியில் குரோம், "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று காட்டினால் அலுவலகக் கணினிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படும் விதி ஒன்றை ஏதோ ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறது என்று பொருள். சில ஆன்டிவைரஸ்களும் அப்படி எழுதும் என்பதால், யார் எழுதியது என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

மிச்சங்களைத் துடைக்கிறேன் என்று ரிஜிஸ்ட்ரி கிளீனர் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் செயலிகளும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம். நீக்கிய செயலி ரிஜிஸ்ட்ரியில் விட்டுச்செல்லும் வரிகள் சில கிலோபைட் இருக்கும். அவற்றால் கணினி மெதுவாவதில்லை. தவறான வரியை அழித்தால் வரும் கேடுதான் பெரிது. மைக்ரோசாஃப்டும் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. தவிர, கணினி முழுவதையும் தொடும் உரிமையை இன்னொரு மென்பொருளுக்குக் கொடுக்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. 2017-ல் பலரும் நம்பிப் பயன்படுத்திய சிகிளீனர் என்ற துப்புரவுச் செயலியின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவல்காரர்கள் தீநிரலைச் செருகிவிட்டார்கள். அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே சுமார் ஒரு மாதம் இறங்கிக்கொண்டிருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கணினியை விட்டுப் போக மறுக்கும் செயலிகளும் உண்டு. நீக்கும் நிரல் கெட்டுப்போயிருந்தால் அதே செயலியை மறுபடி மேலேயே நிறுவி, உடனே நீக்கிப் பாருங்கள். விசித்திரமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் காணாமல் போன நீக்கும் நிரல் திரும்ப வந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவல், நீக்கல் பழுதுபார்ப்புக் கருவியும் உதவும். அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் போய் நீக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது ஓடிக்கொண்டே இருக்கும் பிடிவாதமான செயலிகளுக்கு உதவும்தான். ஆனால் எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பு வகையில் நிறுவியவை அங்கே நீங்காது, அவற்றை நீக்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் இயல்பாக ஓடுவதில்லை.

மேக்கில் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டால் போதும் என்பது பாதி சரி. பயனர் லைப்ரரி ஃபோல்டரில் அதன் தரவும், லாஞ்ச் ஏஜென்ட்ஸ் ஃபோல்டரில் அதைத் தானாக ஓட வைக்கும் கோப்பும் தங்கியிருக்கலாம். செயலியோடு நீக்கும் நிரல் வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். உபுன்டு போன்றவற்றில் ரிமூவ் என்றால் செயலி போகும், அமைப்புக் கோப்புகள் இருக்கும். பர்ஜ் என்றால் கணினி முழுமைக்கும் பொதுவான அந்தக் கோப்புகளும் போகும்.

எல்லாவற்றையும் உரித்து உரித்துச் சரிசெய்ய வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. நீக்கிய செயலி ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப வருகிறது, டிஃபென்டரை இயக்கவே முடியவில்லை, கடவுச்சொற்கள் வெளியே போனதற்கு அறிகுறி இருக்கிறது என்றால் அது வேண்டாத செயலி என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. சொந்தக் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். முக்கியமான கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

வேலை முடிந்த பிறகு நான் செய்து கொடுக்கும் ஏற்பாடுகள் சில. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் என்ற இடத்தில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து இது இயல்பாகவே இயங்கும்படி வருகிறது. இருந்தாலும் யாராவது அணைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கை உருவாக்கித் தருவேன். இது முழுக் காவல் என்று சொல்ல முடியாது, ஆப்டேட்டாவுக்குள் நிறுவிக்கொள்ளும் செயலிகளுக்கு நிர்வாகி கடவுச்சொல்லே தேவைப்படாது. ஆனாலும் டிரைவர், சர்வீஸ் அளவில் இறங்குபவை அங்கே தடுக்கப்படும்.

நீக்கிய செயலிகள் ஆப்டேட்டாவில் விட்டுப்போன ஃபோல்டர்களை நான் உடனே அழிப்பதில்லை. பெயருக்கு முன்னால் 'பழையது' என்று சேர்த்து மாற்றி வைப்பேன். "ஏதாவது திறக்கலைன்னா சொல்லுங்க சித்தப்பா, பெயரைத் திரும்ப மாத்தினா போதும்" என்று சொல்லிவிட்டு வருவேன். சில வாரம் கழித்தும் எந்தக் குறையும் வரவில்லை என்றால், அவரையே திறக்கச் சொல்லி, அவர் கையாலேயே அழிக்கச் சொல்வேன்.